மூன்றாம் வாரம் ஊருக்குக் கிளம்பிய மாணவி: மதுரையில் ஓர் இன்டர்ன்ஷிப் நிகழ்வு

பட்டுக்கோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 19 வயது மாணவி ஒருத்தி, 2025 பொங்கல் முடிந்த கையோடு, தனியாகத் தங்கி இன்டர்ன்ஷிப் செய்ய மதுரைக்கு வந்தாள். டிப்ளமோ மெக்கானிக்கல், கடைசி செமஸ்டர். கப்பலூர் தொழிற்பேட்டையில் ரப்பர் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் இடம் கிடைத்திருந்தது. மூன்றாவது வாரம், ஒரு வியாழக்கிழமை பதினோரு மணிவாக்கில் பிரஸ் மெஷின் பக்கத்தில் மயங்கிச் சரிந்துவிட்டாள். அன்று மாலையே கல்லூரிக்குப் போன் போட்டு, "வீட்டு ஞாபகமாவே இருக்கு சார், என்னால முடியல, ஊருக்குப் போறேன்" என்று சொல்லியிருக்கிறாள்.

கம்பெனி சூப்பர்வைசர் சொன்னதும் அதுதான்: "பொண்ணு வீட்ட நெனச்சு அழுகுது சார்." கல்லூரிப் பதிவேட்டிலும் அதையே எழுதினார்கள். அப்பா ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிப்போவதாக முடிவாயிற்று. இடைப்பட்ட வெள்ளிக்கிழமை அந்தக் கல்லூரியின் பயிற்சிப் பொறுப்பாசிரியர் என்னைக் கூப்பிட்டு, "மேடம், நல்லாப் படிக்கிற புள்ள. பாதியில விட்டா செமஸ்டரே போயிடும். ஒரு தடவை பேசிப் பாருங்க" என்றார். நான் மதுரையில் மாணவர் ஆலோசனைப் பணியில் இருப்பவள். வெளியூர்க் கல்லூரிகளிலிருந்து இப்படி அழைப்பு வருவது புதிதில்லை.

அவள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். அவளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நேரம், பணம், பஸ் இந்த மூன்றையும் மாற்றவில்லை. நடந்தது எல்லாமே அந்த மூன்றுக்குள்தான் இருக்கிறது.

குடும்பம்

அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் தென்னந்தோப்பு இருந்தது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரத்தில் தோப்பு தோப்பாகத் தென்னை சாய்ந்ததை அந்தப் பக்கத்துக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். இவர்கள் தோப்பில் தப்பியது பத்துப் பதினைந்து மரம். நெட்டைத் தென்னை வைத்தால் காய்ப்புக்கு வர ஆறேழு வருடம் ஆகும். அந்த வருடங்களைக் கடனும் கூலி வேலையுமாகக் கடந்த குடும்பம் இது. அப்பா இப்போதும் மட்டை மில்லுக்குக் கூலிக்குப் போகிறார், அம்மா நூறு நாள் வேலைக்கு. தம்பி பத்தாவது படிக்கிறான்.

அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கில் விழுகிறது. ஆனால் ஏ.டி.எம். கார்டு அம்மாவிடம் இருந்தது. மகளிர் குழுக் கடனின் தவணைக்கு அந்தப் பணம் ஊரிலேயே போய்க்கொண்டிருந்தது. அதில் யார் மீதும் குறையில்லை, வீட்டுக் கணக்கு அப்படி ஓடிக்கொண்டிருந்தது.

கல்லூரி கொடுத்தது ஒரு கடிதம். அதில் கம்பெனியின் பெயர், சேரவேண்டிய தேதி, வருகைப் பதிவு விதிகள், அறிக்கை சமர்ப்பிக்கவேண்டிய நாள் எல்லாம் தெளிவாக இருந்தன. எங்கே தங்குவது, ஷிப்ட் எத்தனை மணிக்கு, முதல் சம்பளம் எப்போது என்பது பற்றி ஒரு வரி இல்லை.

தங்குமிடம்

இந்த இடத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்ற எல்லாம் இதிலிருந்துதான் தொடங்கின.

அப்பாவும் மகளும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். அந்தப் பக்கத்து பஸ் அறந்தாங்கி, காரைக்குடி, மேலூர் வழியாக வந்து மாட்டுத்தாவணியில் இறக்கிவிடும். ஊரைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்கள் இறங்கிய இடத்திலிருந்துதான் தேட ஆரம்பிப்பார்கள். டீக்கடையில் விசாரித்தபோது "அண்ணா நகர் நல்ல ஏரியா, பொம்பளப் புள்ளைகளுக்கு ஹாஸ்டல் நெறைய இருக்கு" என்றிருக்கிறார்கள். சொன்னது பொய்யில்லை. அங்கே ஒரு மகளிர் விடுதியில் நான்கு பேர் தங்கும் அறையில் ஒரு கட்டில் கிடைத்தது. வாசலில் கேமரா, இரவு ஒன்பதுக்குக் கேட் பூட்டு, மூன்று வேளைச் சாப்பாடு. மாதம் 5,500, முன்பணம் 5,500. அப்பாவுக்கு நிம்மதி.

மதுரையை வைகை இரண்டாகப் பிரிக்கிறது. மாட்டுத்தாவணி, அண்ணா நகர், கே.கே. நகர், தல்லாகுளம் எல்லாம் ஆற்றுக்கு வடக்கே. பெரியார் பஸ் நிலையம், கோயில், ரயில் நிலையம் ஆற்றுக்குத் தெற்கே. அங்கிருந்து இன்னும் தெற்கே பழங்காநத்தம், பசுமலை, திருப்பரங்குன்றம், திருநகர், தனக்கன்குளம் தாண்டித் திருமங்கலம் போகும் சாலையில்தான் கப்பலூர். அண்ணா நகரிலிருந்து அங்கே போக ஏறக்குறைய 20 கிலோமீட்டர், இரண்டு பஸ். ஊரின் ஒரு கோடியில் படுக்கை, மறு கோடியில் வேலை. மதுரைக்காரர் யாராவது ஒருவர் அப்பாவிடம் "வேலை எங்க?" என்று கேட்டிருந்தால் போதும், திருநகர்ப் பக்கம் பாருங்கள் என்று உடனே சொல்லியிருப்பார்.

அப்பா பாதுகாப்பைப் பற்றி யோசித்தது முழுக்க நியாயம். 2024 செப்டம்பரில் பெரியார் பஸ் நிலையம் பக்கத்துக் கட்ராபாளையத்தில் ஒரு மகளிர் விடுதியில் விடியற்காலையில் ஃப்ரிட்ஜ் வெடித்துத் தீப்பிடித்ததில் இரண்டு பெண்கள் இறந்துபோனார்கள். அந்தச் செய்தியை அவர் டி.வி.யில் பார்த்திருக்கிறார். அதனால்தான் நல்ல ஏரியாவாகத் தேடினார். ஆனால் அவர் பார்த்தது கேமராவை. இரண்டாவது மாடிப்படி இருக்கிறதா, இரவில் கேட் சாவி யாரிடம் இருக்கும், விடுதிக்கு உரிமம் உண்டா என்பதையெல்லாம் கேட்கவேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பெண்கள், குழந்தைகள் விடுதிகளை முறைப்படுத்த 2014-இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. அதன்படி விடுதி நடத்த மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் வாங்க வேண்டும். "உரிமத்தைக் காட்டுங்க" என்று கேட்கப் பெற்றோருக்கு முழு உரிமை இருக்கிறது. கேட்டால் முகம் சுளிக்கும் விடுதியில் சேர்க்காமல் வருவதே நல்லது.

மூன்று வாரம் எப்படிப் போனது

காலை 8.30-க்கு உள்ளே இருக்க வேண்டும். விடுதியில் காலைச் சாப்பாடு எட்டு மணிக்குத்தான் வரும். ஆறரைக்கே கிளம்பும் அவளுக்கு அது எந்த நாளும் கிடைக்கவில்லை. முதல் இரண்டு நாள் பெரியாரில் இட்லி வாங்கிச் சாப்பிட்டாள். அப்புறம் அது டீயும் பன்னும் ஆனது. பிறகு டீ மட்டும். அம்மா உணவகத்தில் இட்லி 1 ரூபாய்தான், ஆனால் அவள் பஸ் பிடிக்கும் நேரத்துக்கு அது திறந்திருக்காது.

மதியம் கம்பெனி கேன்டீனில் சாப்பாடு. அது ஒன்றுதான் அந்த நாளின் முழுச் சாப்பாடு.

மாலை 5.30-க்கு வேலை முடியும். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது, 2021 மே மாதத்திலிருந்து அப்படித்தான். இந்தத் திட்டம் இல்லையென்றால் இவளைப் போன்றவர்கள் இவ்வளவு தூரம் வந்திருக்கவே முடியாது. ஆனால் காசு இல்லாதவளுக்கு அந்த பஸ் மட்டுமே பஸ். கட்டண பஸ்கள் கண்ணெதிரே வந்து போக, அவள் ஃப்ரீ பஸ்ஸுக்காக நிற்பாள். ஷிப்ட் விடும் நேரமென்பதால் வந்தாலும் படிக்கட்டு வரை கூட்டம். ஏழேகாலுக்குப் பெரியார், அங்கே மறுபடி ஒரு காத்திருப்பு, நெரிசல் நேரத்தில் பாலத்தைத் தாண்டி அண்ணா நகர். விடுதியில் 8.30-க்குப் பாத்திரம் கழுவிவிடுவார்கள். வாரத்தில் பாதி நாள் அவள் போய்ச் சேரும்போது சாப்பாடு முடிந்திருக்கும்.

இரவு பன்னிரண்டு மணிக்கும் ஆவி பறக்க இட்லி கிடைக்கும் ஊர் மதுரை. அந்த ஊரில் ஒன்பது மணிக்குப் பூட்டிய கேட்டுக்கு உள்ளே ஒரு பெண் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்திருக்கிறாள். இதை எழுதும்போது இன்றும் எனக்கு மனசு ஆறவில்லை.

அவளை நிறுத்தியிருந்தது மோல்டிங் பிரிவில். ரப்பர் கம்பவுண்டை அச்சில் வைத்து, 150 டிகிரிக்கு மேல் சூட்டில் அழுத்தி வேகவைக்கும் இடம் அது. வெறும் வயிற்றோடு காலை முழுக்க அந்தச் சூட்டுக்குப் பக்கத்தில் நின்றவள் மயங்காமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

பேசியபோது தெரிந்தவை

சனிக்கிழமை காலை அவளை விடுதியிலிருந்து அழைத்துக்கொண்டு காந்தி மியூசியம் போனேன். அண்ணா நகருக்கு அது பக்கம். மரத்தடியில் உட்கார்ந்து பேசலாம், யாரும் வந்து என்ன ஏது என்று கேட்க மாட்டார்கள். விடுதி வரவேற்பறையில் வார்டன் முன்னால் எந்த மாணவியும் மனம்விட்டுப் பேச மாட்டாள்.

முதலில் அவள் சொன்னதும் வீட்டு ஞாபகம்தான். "அம்மா ஞாபகம் வருது மேடம். ராத்திரி தூக்கம் வரல." அது பொய்யில்லை. பத்தொன்பது வயதில் முதல்முறை வீட்டைப் பிரிந்தவளுக்கு அம்மா ஞாபகம் வராமல் இருக்காது. ஆனால் அது மட்டும் காரணமாக இருந்தால் வேறு சிலவும் கூடவே இருக்கும்: வேலை பிடிக்காது, அங்கே உள்ளவர்களைப் பிடிக்காது, எதைக் கேட்டாலும் ஒற்றை வார்த்தையில் பதில் வரும். அதனால் வேலையைப் பற்றிக் கேட்டேன். முகமே மாறியது. கந்தகம் சேர்த்து வேகவைத்தால்தான் ரப்பருக்கு உறுதி வரும், நேரம் கூடினால் என்ன ஆகும், குறைந்தால் என்ன ஆகும், அச்சை ஒருமுறை லேசாகத் திறந்து மூடிக் காற்றை ஏன் வெளியேற்ற வேண்டும், கெட்டித்தன்மையை டூரோமீட்டர் வைத்து எப்படிப் பார்ப்பது என்று அரைமணி நேரம் நிறுத்தாமல் சொன்னாள். ஊருக்குப் போகத் துடிக்கும் பெண் பேசும் பேச்சு இல்லை அது.

இன்னொன்றும் நேராகக் கேட்டேன்: வேலை இடத்திலோ, பஸ்ஸிலோ, விடுதியிலோ யாராவது தப்பாக நடந்துகொண்டார்களா? இல்லை என்றாள். இரண்டு விதமாகக் கேட்டும் அதே பதில்தான். இந்தக் கேள்வியைக் கேட்காமல் எந்த நிகழ்வையும் மூடக்கூடாது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் பயிற்சிக்கு வருபவர்களுக்கும் பொருந்தும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். அதற்குக் குறைந்த இடமென்றால் மாவட்ட அளவில் உள்ள குழுவிடம் போகலாம். 181 என்ற பெண்கள் உதவி எண்ணும் இருக்கிறது. இது எதுவும் அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. கம்பெனியில் சேர்ந்த அன்று ஷூவையும் கண்ணாடியையும் பற்றிப் பேசினார்கள், இதைப் பற்றி யாரும் வாய்திறக்கவில்லை.

அப்புறம்தான் "காலையில என்ன சாப்பிடுவே?" என்று கேட்டேன். பதில் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "ட்ரிம்மிங் செக்ஷன்ல ஒரு அக்கா இதையேதான் கேட்டாங்க" என்று சொல்லி அழ ஆரம்பித்துவிட்டாள். கள்ளிக்குடிப் பக்கத்திலிருந்து வரும் அந்த அம்மா, பிசிறு வெட்டும் மேஜையில் உட்கார்ந்தபடியே இவளைக் கவனித்திருக்கிறார். "ஏத்தா, காலையில என்ன சாப்ட்ட? மூஞ்சியெல்லாம் வெளுத்துக் கெடக்கு" என்று கேட்டுத் தன் தூக்குவாளியில் இருந்த பழைய சோற்றில் பாதியைக் கொடுத்திருக்கிறார். இவள் கூச்சப்பட்டு மறுநாளிலிருந்து அந்தப் பக்கமே போகவில்லை.

சூப்பர்வைசர், மனிதவளப் பிரிவு, கல்லூரி, விடுதி என்று இத்தனை பேர் பொறுப்பில் ஒரு பெண் இருந்தாள். சரியான கேள்வியைக் கேட்டவர் அவர்களில் யாரும் இல்லை.

பணக் கணக்கு

வீட்டிலிருந்து கொண்டுவந்தது 15,000 ரூபாய். அம்மாவின் கம்மலை அடகு வைத்து வந்த பணம். விடுதிக்கு முன்பணமும் முதல் மாதமும் சேர்த்து 11,000. பாதுகாப்பு ஷூ சொந்தமாக வாங்கவேண்டும் என்று கம்பெனி சொன்னதில் 900. உடல்தகுதிச் சான்றுக்கு 300. பாய், தலையணை, வாளி வகையில் 700. அப்பா வந்துபோன செலவு 500. கையில் நின்றது 1,600.

கம்பெனி உதவித்தொகை மாதம் 7,000. அடுத்த மாதம் பத்தாம் தேதி போடுவார்கள். அவள் சேர்ந்தது ஜனவரி 20. பிப்ரவரி 10-இல் ஏதாவது வரும் என்ற கணக்கில் இருந்தாள். ஆதாரில் இனிஷியல் முன்னால், பாஸ்புக்கில் பின்னால். பெயர் பொருந்தவில்லை, திருத்திக் கொண்டு வா, அடுத்த மாதத்தோடு சேர்த்துப் போட்டுவிடலாம் என்று பிப்ரவரி 4 அன்று சொல்லிவிட்டார்கள். விடுதிக் கட்டணம் ஐந்தாம் தேதி. மயங்கி விழுந்தது ஆறாம் தேதி.

இந்த மூன்று தேதிகளையும் ஒரு தாளில் எழுதி அவள் முன்னால் வைத்தேன். "இத யார்கிட்டயும் சொல்லலையா?" என்றேன். "சொன்னா அப்பா எங்க போவாரு?" என்றாள்.

பணமில்லை என்று சொல்வதைவிட அம்மா ஞாபகம் என்று சொல்வது அவளுக்கு எளிதாக இருந்தது. கேட்பவர்களுக்கும் அதுவே வசதி. வீட்டு ஞாபகம் என்று எழுதிவிட்டால் அதற்குமேல் யாரும் எதையும் விசாரிக்க வேண்டியதில்லை. சில நாளில் சரியாகிவிடும், அல்லது பெண் ஊருக்குப் போய்விடும். இப்படித் திரும்பிப் போன மாணவர்களின் பதிவுகளை நான் எப்போது புரட்டினாலும் அந்த ஒரே காரணம்தான் கண்ணில் படுகிறது. அதை இனி நம்பப்போவதில்லை, குறைந்தபட்சம் சாப்பாட்டு நேரத்தையும் சம்பளத் தேதியையும் கேட்காமல் நம்பப்போவதில்லை.

உடம்பு

அன்றே நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பார்த்தோம். ஹீமோகுளோபின் 8.8. பெண்களுக்கு 12-க்குக் குறைந்தாலே ரத்தசோகை. இது மூன்று வாரத்தில் வந்ததில்லை, ஊரிலிருந்தே இருந்திருக்கிறது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருப்பதாகத் தேசியக் குடும்பநல ஆய்வு 2019-21 சொல்கிறது. மூன்று வாரப் பட்டினி அதை வெளியே தள்ளிவிட்டது. 300 ரூபாய் கொடுத்து வாங்கிய உடல்தகுதிச் சான்றில் ரத்தம் பார்த்ததற்கான குறிப்பே இல்லை. இரும்புச்சத்து மாத்திரை இலவசமாகக் கொடுத்தார்கள். மாத்திரையோடு டீ குடிக்காதே, இரும்பு உடம்பில் சேராது என்று செவிலியர் அழுத்திச் சொன்னார். டீயிலேயே காலையை ஓட்டிக்கொண்டிருந்தவளுக்குச் சரியான நேரத்தில் வந்த அறிவுரை.

அப்பா வந்த நாள்

ஞாயிறு காலை மாட்டுத்தாவணியில் அப்பாவை நான்தான் போய்ப் பார்த்தேன். மகளின் பெட்டியைக் கட்ட ஒரு கயிறு கையோடு கொண்டுவந்திருந்தார். "புள்ளைய கூட்டிட்டுப் போயிடறேங்க. படிப்பு என்னங்க படிப்பு, உசுரோட இருந்தாப் போதும்" என்றார். எதிர்த்துப் பேசவில்லை. விடுதிக்குப் போய் மூவரும் உட்கார்ந்தோம். ரத்தப் பரிசோதனைச் சீட்டையும் தேதிகள் எழுதிய தாளையும் காட்டினேன். அவர் எழுத்துக்கூட்டிப் படித்து முடித்துவிட்டு, "ஏம்மா எங்கிட்டச் சொல்லல?" என்றார்.

"இருந்தது ஒரு கம்மல்தானப்பா" என்றாள் அவள்.

வெகுநேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவரே கேட்டார், "இருந்து முடிக்கணும்னு நெனக்கிறியா?" அவள் தலையசைத்தாள். முடிவை எடுத்தவர்கள் அவர்கள் இருவரும்தான். வழி இருக்கிறது என்று காட்டியது மட்டுமே என் வேலை.

செய்தவை

முதலில் அறை. திருநகரில் ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர் ஒருவர் தன் வீட்டு மாடியை வேலைக்குப் போகும் பெண்களுக்கு விட்டிருக்கிறார். அங்கே ஏற்கெனவே இருவர் இருந்தார்கள், ஒருத்தி கப்பலூரிலேயே வேறொரு கம்பெனியில். வாடகைப் பங்கு 2,500. சமையல் சேர்ந்து, செலவும் சேர்ந்து. எல்லாமாக மாதம் 4,500-க்குள் அடங்கியது. திருமங்கலம் போகும் பஸ் வாசல் பக்கமே போகிறது, ஒரே பஸ், அரைமணி நேரம்கூட ஆகாது. காலையில் ஏழரைக்குச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம்.

விடுதியில் முன்பணத்தைத் திருப்பித் தர முடியாது என்றுதான் முதலில் சொன்னார்கள். ஒரு மாத முன்னறிவிப்பு வேண்டும் என்பது அவர்கள் விதி. பேசிப் பேசி 3,000 வாங்கினோம். மீதி போனது போனதுதான்.

கம்பெனிக்குத் திங்கட்கிழமை போனேன். மனிதவள அதிகாரி நல்ல மனிதர், விஷயம் தெரியாமல் இருந்தார், அவ்வளவே. பெயர்த் திருத்தம் முடியும்வரை காத்திருக்காமல் 4,000 ரூபாய் முன்பணமாகக் கொடுக்க ஒப்புக்கொண்டார். கல்லூரியில் படிக்கும்போதே இன்டர்ன்ஷிப் வரும் மாணவர் 1961-ஆம் ஆண்டு அப்ரன்டிஸ் (தொழில் பழகுநர்) சட்டத்தின்படி ஒப்பந்தம் போட்டு வருவதில்லை. அதனால் அந்தச் சட்டம் வகுத்த குறைந்தபட்ச உதவித்தொகை இவர்களுக்குத் தானாகக் கிடைக்காது, கம்பெனி கொடுப்பதுதான். அதையே கொஞ்சம் முன்னால் கொடுங்கள் என்றுதான் கேட்டோம். இரண்டு வாரத்துக்கு அவளைச் சூடில்லாத பரிசோதனைப் பிரிவுக்கும் மாற்றினார்கள்.

கள்ளிக்குடி அம்மாவையும் பார்த்தேன். அவள் ஊருக்குப் போகவில்லை என்றதும், "அதான் சொன்னேன், வகுத்துப் பசிய வச்சுக்கிட்டு வேல பாக்க முடியுமா" என்றார். இந்த நிகழ்வில் முதல் கணிப்பு அவருடையது. என்னுடையது இரண்டாவது.

பயிற்சி முடிந்த விதம்

மோல்டிங்குக்குத் திரும்பிய பிறகு அங்கே செய்யும் ரப்பர் புஷ்களில் (வளையம் போன்ற உதிரிபாகம்) கழிவாகிறவற்றை அவள் ஒரு நோட்டில் நேரம் போட்டு எழுத ஆரம்பித்தாள். டீ இடைவேளை, சாப்பாட்டு இடைவேளை முடிந்த கையோடு வரும் முதல் சுற்றில்தான் பழுது அதிகம் என்று தெரிந்தது. இடைவேளைக்குப் போகும்முன் அடுத்த சுற்றுக்கான ரப்பர் துண்டுகளைச் சூடான அச்சுக்குப் பக்கத்தில் எடுத்துவைத்துவிட்டுப் போவார்கள். அவர்கள் திரும்புவதற்குள் அது பாதி வெந்துவிடும். அச்சில் ஓடி நிரம்ப வேண்டியது நிரம்பாது. துண்டுகளை இடைவேளைக்குப் பிறகு எடுத்தால் போதும் என்று எழுதிக் கொடுத்தாள். சூப்பர்வைசர் அதை அப்படியே நடைமுறைக்குக் கொண்டுவந்தார். அவள் அறிக்கையின் நல்ல பகுதி அதுதான்.

எல்லாம் நன்றாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன். போன நாட்களை ஈடுகட்ட மே மாதம் முதல் வாரமும் வேலைக்குப் போகவேண்டியிருந்தது. சித்திரைத் திருவிழாக் கூட்டம் சேரும் நேரம். அண்ணா நகரில் இருந்திருந்தால் கோரிப்பாளையத்தைத் தாண்டியே வந்திருக்க முடியாது. கம்மல் இன்னும் மீட்கப்படவில்லை. ஹீமோகுளோபின் ஏப்ரலில் பத்தைத் தாண்டியிருந்தது, அவ்வளவுதான். கம்பெனி வேலைக்குக் கூப்பிட்டது. அவள் நேரடி இரண்டாமாண்டு பி.இ. சேர்ந்திருக்கிறாள்.

இப்போது

அந்தக் கல்லூரி தன் கடிதத்தில் இரண்டு வரி சேர்த்திருக்கிறது: ஷிப்ட் நேரம், தங்குமிடத்திலிருந்து வேலைக்குப் போகும் பஸ் வழி. இரண்டையும் நிரப்பாமல் மாணவரை அனுப்புவதில்லை என்று பொறுப்பாசிரியர் சொல்கிறார். உதவித்தொகை வரும் தேதியையும் முதலிலேயே கேட்டு எழுதச் சொல்லியிருக்கிறேன். சேரும் நாளுக்கும் முதல் பணம் கைக்கு வரும் நாளுக்கும் நடுவே ஒரு மாதத்துக்கு மேல்கூட ஓடிவிடுகிறது. அந்த நாட்களுக்கு வட்டியில்லாமல் ஒரு சிறு தொகையைக் கல்லூரியே கொடுத்து, உதவித்தொகை வந்ததும் வாங்கிக்கொள்ளலாம். பழைய மாணவர்களிடம் கேட்டால் கிடைக்கும். இதற்கு இன்னும் பதில் வரவில்லை, நானும் கேட்பதை விடவில்லை.

இந்த ஜனவரியில் அதே கல்லூரியிலிருந்து ஆறு பேர் மதுரைக்கு வருகிறார்கள். நான்கு பேருக்குத் தங்கும் இடம் முடிவாகிவிட்டது. மீதி இருவரில் ஒருத்திக்கு வேலை கப்பலூரில், இன்னொருத்திக்கு கே. புதூர் தொழிற்பேட்டையில். கப்பலூர்க்காரிக்குத் திருநகர் வீட்டில் ஒரு கட்டிலைச் சொல்லிவைத்திருக்கிறேன். புதூர்க்காரிக்கு ஆற்றுக்கு வடக்கேயே பார்க்க வேண்டும். அவளுக்கு அண்ணா நகர் சரியாக வரும், காலைச் சாப்பாடு ஏழு மணிக்குப் போடும் விடுதி கிடைத்தால்.